68 சாக், அதற்கு எத்தனை சாக்கு: சிகாகோ பேர்ஸ் 2024

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்-இன் 2024 சீசனில் சிகாகோ பேர்ஸ் அணியின் ஆஃபென்ஸ் (பந்தை முன்னேற்றும் பிரிவு) அப்படிப் படுத்துவிட்டதே, குற்றம் யாருடையது? புதுமுகங்களைப் பொறுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாக வந்த, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸா, ஒவ்வொரு நகர்வையும் (ப்ளே) அழைத்த பயிற்சியாளரான கோஆர்டினேட்டரா, அவரைக் காக்க முன்னால் நின்ற ஐந்து பேர் லைனா?

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பங்கு ப்ளே அழைத்தவருக்கு. இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு. லைன் மூன்றாவது. ரசிகர்களில் பாதிப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். 68 சாக் என்ற எண்ணைப் பார்த்ததும் கண் நேராக லைன் மேல்தான் போகும், அதில் தப்பில்லை. ஆனால் சாக் என்பது ஐந்து தடியர்கள் மட்டும் வாங்கிக் கொடுக்கும் அடி இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

அமெரிக்கன் ஃபுட்பால் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இரண்டு வரி. 10 யார்டு முன்னேற ஒரு அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியாவிட்டால் நாலாவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கையில் இருப்பது உண்மையில் மூன்றுதான். பாஸ் எறியப் பின்வாங்கும் குவார்ட்டர்பேக்கை, பந்து கையில் இருக்கும்போதே ப்ளே தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் சாய்த்துவிட்டால் அது சாக். ஒரு டவுனும் போச்சு, ஆறு ஏழு யார்டும் போச்சு.

இப்போது எண்கள். வில்லியம்ஸ் அந்த சீசனில் 562 பாஸ் எறிந்தார், 3,541 யார்டு, 20 டச்டவுன் (பந்து கோல் கோட்டைத் தாண்டுவது), வெறும் 6 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது). 68 முறை சாக் ஆனார். லீகிலேயே அந்த ஆண்டு அதுதான் அதிகம், பேர்ஸ் வரலாற்றிலும் அதுதான் அதிகம். எறிந்ததையும் சாய்ந்ததையும் கூட்டினால் 630. ஏறக்குறைய ஒன்பது தடவை பின்வாங்கினால் ஒரு தடவை தரையில். அணி 4-2 (4 வெற்றி, 2 தோல்வி) என்று தொடங்கி, அடுத்த பத்து ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று, 5-12 என்று முடித்தது. மொத்த யார்டுக் கணக்கில் 32 அணிகளில் கடைசி.

அந்த 6 இன்டர்செப்ஷனைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நடுவில் 350-க்கும் மேற்பட்ட பாஸ்களை எதிரணி ஒருமுறைகூடப் பிடிக்காமல் எறிந்தார். புதுமுகங்களில் அது சாதனை. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாதனையும் 68 சாக்கும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள். பிடிபடக்கூடும் என்று சந்தேகம் வந்தால் எறியாமல் வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டால் வேறு வழி பிறக்கும் என்று நம்புவது. யூஎஸ்சி பல்கலைக்கழகத்தில் அந்த நம்பிக்கை பலித்தது, 2022-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வாங்கிக் கொடுத்தது. அங்கே துரத்தியவர்களைவிட அவர் வேகம். என்எஃப்எல்-இல் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் 120 கிலோ டிஃபென்சிவ் எண்டும் வேகமாகத்தான் ஓடுவார்.

சாக் ஒவ்வொன்றையும் யார் கணக்கில் எழுதுவது? ஃபிலிம் பார்ப்பவர்கள் இப்படித்தான் பிரிப்பார்கள், நீங்களும் செய்யலாம். ரீப்ளேயில் ஸ்நாப் (பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வருவது) நடந்த கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், முதல் தொடுதலில் நிறுத்துங்கள். இரண்டரை விநாடிக்குள், ஒருவர் எதிரே ஒருவர் நின்ற இடத்தில் லைன்மேன் தோற்றிருந்தால் அது லைன் கணக்கு, அதில் வாதமே இல்லை. மூன்று விநாடி தாண்டி அடி விழுந்திருந்தால் லைனைத் திட்டாதீர்கள். எந்த லைனும் மூன்று விநாடிக்கு மேல் தாங்குவதாக ஒப்பந்தம் போட்டதில்லை. அப்போது குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைப் பாருங்கள். 22 பேரும் தெரியும் உயரக் கோணம் இருக்கிறதே, ஆல்-22 என்பார்கள், அது கிடைத்தால் நல்லது. யாராவது திறந்து நின்றிருந்தால் அது குவார்ட்டர்பேக் கணக்கு. ஒருவரும் திறக்கவில்லை, நாலு பேரும் 15 யார்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் சும்மா எறிந்துவிட ஓர் ஆள்கூட இல்லை என்றால் அது ப்ளேயை வரைந்தவர் கணக்கு.

குழப்பமானது இன்னொரு வகை: யாரும் தடுக்காமல் ஓர் ஆள் நேராக வந்து மோதுவது. பார்க்கிறவர்களுக்கு லைன் தூங்கிவிட்டது போலத் தெரியும். எண்ணிக் கணக்குப் போடவேண்டிய இடம் இது. லைனில் ஐந்து பேர், வழக்கமாகப் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும் தடுக்க நின்றால் ஆறு. ஏழு பேர் பாய்ந்து வந்தால் ஒருவர் நிச்சயம் மிச்சம். அந்த ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டியவர் குவார்ட்டர்பேக்தான். அவர் வருவதைப் பார்த்ததும் பந்தை உடனே குட்டைப் பாதை ஓடும் ரிசீவருக்குக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ‘ஹாட்’ என்கிறார்கள். அந்த ஹாட் பாதையே ப்ளேயில் இல்லையென்றால் மறுபடியும் வரைந்தவர் தலையில். ஆனால் வந்தது ஐந்தே பேர், தடுக்க ஆறு பேர், அப்படியும் ஒருவர் தப்பி வந்தார் என்றால் பாதுகாப்பு தப்பான பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. லைனின் நடுவில் நிற்கும் சென்டரும் குவார்ட்டர்பேக்கும் ஸ்நாப்புக்கு முன் எதிரணியின் எந்த லைன்பேக்கரை (இரண்டாம் வரிசைக் காவலர்) நடுப்புள்ளியாகக் கொள்வது என்று கை நீட்டிச் சொல்வார்கள். அந்தக் கை தப்பான ஆளைக் காட்டினால் ஐந்து பேரும் ஒற்றுமையாகத் தப்புச் செய்வார்கள்.

இதோடு ஸ்டன்ட் என்று ஒன்று உண்டு. பாய வருபவர்கள் இருவர் நடுவழியில் குறுக்கே மாறிக்கொள்வார்கள். சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டும் ஓரத்தில் நிற்கும் டேக்கிளும் கண்ணாலேயே பேசி ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். அது பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகினால் மட்டுமே வரும். 2024-ல் பேர்ஸ் அணியின் வலது கார்டு இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நியூ இங்கிலாந்து ஆட்டத்தில் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் வெளியே. அதனால் லைனை மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது பங்கு என்றேன், சின்னப் பங்கு என்று சொல்லவில்லை.

சரி, ப்ளே அழைப்புக்கு ஏன் முதல் பங்கு?

நவம்பர் 10, பேர்ஸின் சொந்த மைதானமான சோல்ஜர் ஃபீல்டு. எதிரே 2-7 என்று வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். பேர்ஸ் 19-3 என்று தோற்றது. 9 சாக், மொத்தம் 142 யார்டு, மூன்றாவது டவுனில் 14 முயற்சிக்கு 1 வெற்றி. இரண்டு நாளில் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரனை நீக்கினார்கள். எல்லோரும் 9 சாக்கைப் பற்றியே பேசினார்கள். பார்க்கவேண்டிய எண் அந்த 14-க்கு 1. அதைவிட முக்கியம், அந்தப் பதினான்கும் எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்த முயற்சிகள் என்பது.

ஒரு ப்ளே பலித்ததா இல்லையா என்று பார்க்கப் பழைய தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது: முதல் டவுனில் வேண்டிய தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் மீதியில் 60 சதவீதம், மூன்றாவதில் முழுசும். அதாவது முதல் டவுனில் 4 யார்டு வந்தால் ப்ளே தேறியது. இரண்டே யார்டு என்றால் தேறவில்லை. முதல் டவுனில் நடுவே ஓடி 2 யார்டு, இரண்டாவதில் பாஸ் தவறியது, இப்போது மூன்றாவதில் 8 வேண்டும். அடுத்து என்ன வரும் என்று மைதானத்தில் வேர்க்கடலை விற்பவருக்கும் தெரியும். ஓட்டம் வராது என்று தெரிந்ததால் எண்டுகள் அகலமாக நின்று நேராகக் குவார்ட்டர்பேக்கை நோக்கியே கிளம்புவார்கள். கடைசி வரிசைக் காவலர்களான சேஃப்டிகள் பின்னால் இறங்கி நிற்பார்கள். 8 யார்டு தாண்டி ரிசீவர் திரும்ப நேரம் ஆகும், அதற்குள் அடி வந்துவிடும். மூன்றாவதில் 2 யார்டு வேண்டுமென்றால் லீகில் பாதிக்கு மேல் தேறும். 10 யார்டு வேண்டுமென்றால் பாதிகூடத் தேறாது. ஆக, மூன்றாவது டவுனில் விழும் சாக்கின் விதை முதல் டவுனில் போடப்படுகிறது. லைன் அங்கே கடைசிக் கண்ணி.

வால்ட்ரனின் அழைப்புகளில் ஒவ்வொரு ப்ளேயும் தனித்தனியாக நின்றது என்பதுதான் என் குறை. தனியாக எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்று இன்னொன்றுக்கு வழி செய்யாது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் நாலு பந்தை வெளியே கொண்டுபோய், ஐந்தாவதை உள்ளே கொண்டுவருவார். ஐந்தாவதின் விஷம் முதல் நாலில் இருக்கிறது. நல்ல ப்ளே காலரும் அப்படித்தான். ஒரே வரிசையில் ஆட்களை நிறுத்தி, ஒரே மோஷன் (ஸ்நாப்புக்கு முன் ஓர் ஆளைப் பக்கவாட்டில் நகர்த்துவது) கொடுத்து, முதல் கால்பகுதியில் இரண்டு தடவை வலது பக்கம் ஓடுவார். லைன்பேக்கர்கள் அந்த மோஷனைப் பார்த்ததும் வலது பக்கம் ஓர் அடி வைக்கப் பழகிவிடுவார்கள். மூன்றாம் தடவை அதே தோற்றம், ஆனால் பந்து குவார்ட்டர்பேக் கையிலேயே, அவர்கள் விட்டுப்போன இடத்தில் டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்). குவார்ட்டர்பேக் அங்கே மேதையாக இருக்கத் தேவையில்லை. 2024 பேர்ஸில் ஓட்டத்துக்கு ஒரு முகம், பாஸுக்கு வேறு முகம்.

வால்ட்ரன் திறமையற்றவர் என்று பொருள் இல்லை. அதற்கு முன் மூன்று சீசன் சியாட்டலில் கோஆர்டினேட்டராக இருந்தவர். ஜீனோ ஸ்மித் அங்கே மறுவாழ்வு பெற்றது அவர் காலத்தில்தான். ஆனால் ஜீனோ பல வருடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் படித்தவர். கோட்டில் வந்து நின்று தானே சரிசெய்துகொள்ளத் தெரிந்த ஆளுக்குத் தைத்த சட்டையை 22 வயதுப் பையனுக்கு மாட்டிவிட்டார்கள்.

இங்கே அந்த 40 விநாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் விளம்பரமும் ரீப்ளேயும் காட்டும் நேரம் அது, ஆட்டத்தின் பாதி அங்கேதான் நடக்கிறது. ஒரு ப்ளே முடிந்ததும் கடிகாரம் 40-லிருந்து இறங்கத் தொடங்கும். கோஆர்டினேட்டர் ப்ளேயை முடிவுசெய்து சொல்கிறார், அது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட் ரேடியோவில் கேட்கிறது. 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ தானாக அறுந்துவிடும். அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். குவார்ட்டர்பேக் ஹடிலில் (ஆட்கள் கூடி நிற்கும் வட்டத்தில்) மற்ற பத்துப் பேருக்கு அதை ஒப்பிக்க வேண்டும்: எப்படி நிற்பது, யார் நகர்வது, பாதுகாப்பு எந்தப் பக்கம், யார் எந்தப் பாதை, எந்தக் குரலில் ஸ்நாப். சில அழைப்பில் இரண்டு ப்ளே சேர்ந்தே வரும். முதலாவது பொருந்தாவிட்டால் கோட்டில் ‘கேன்’ என்று கத்தி இரண்டாவதுக்குப் போகவேண்டும்.

அழைப்பு 25 விநாடி மிச்சத்தில் வந்தால் 18-க்குள் ஹடில் கலையும், மோஷன் கொடுத்து, எதிரணி ஆள் கூடவே ஓடுகிறாரா இல்லையா என்று பார்த்து, அதிலிருந்து அவர்கள் ஆளுக்கு ஆள் காக்கிறார்களா இடத்தைக் காக்கிறார்களா என்று ஊகித்து, பாதுகாப்பைத் திருப்பி, 5 விநாடி மிச்சத்தில் ஸ்நாப். அதே அழைப்பு 17-ல் வந்து, ஹடில் 9-ல் கலைந்தால் இதில் பாதியை விட்டுவிடத்தான் வேண்டும். மோஷன் போகும், நடுப்புள்ளி தேடுவது போகும். இன்னொரு விபரீதம் பலருக்குத் தெரியாது: ஒவ்வொரு தடவையும் கடிகாரம் 1-ஐத் தொடும்போதே ஸ்நாப் எடுத்தால், பாய வருபவர்கள் பந்தைப் பார்க்கவே வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்தே கிளம்பலாம். கால் விநாடி முன்னதாகக் கிளம்பிய எண்டை எந்த டேக்கிளாலும் பிடிக்க முடியாது. அந்த சாக்கை லைன் கணக்கில் எழுதுவார்கள். உண்மையில் அது தாமதமான அழைப்பின் கடன். அடுத்த ஆட்டம் பார்க்கும்போது பந்தை விடுங்கள், ஹடில் கலையும் நொடியில் ப்ளே கடிகாரம் எதில் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அரை நேரத்துக்குள் அந்த அணியின் உடல்நிலை தெரிந்துவிடும்.

கோல் கோட்டருகே நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இண்டியானாபொலிஸ் ஆட்டம், நாலாவது டவுன், டச்டவுனுக்கு ஒரே ஒரு யார்டு. அழைத்தது ஸ்பீட் ஆப்ஷன்: குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் ஓடி, டிஃபென்ஸ் ஆள் தன்னை நோக்கி வந்தால் பந்தைப் பின்னால் வரும் ரன்னிங் பேக்கிடம் தள்ளிவிடுவது. பந்து டி’ஆண்ட்ரே ஸ்விஃப்ட் கைக்கு வந்தது, 12 யார்டு பின்னால் போய் விழுந்தார். ஒரு யார்டு வேண்டிய இடத்தில் பந்தைக் குறுக்கே கொண்டுபோவதில் என்ன அபாயம் என்றால், கோல் கோட்டருகே சேஃப்டிகளுக்குப் பின்னால் காக்க இடமே இல்லை. பதினொரு பேரும் முன்னோக்கியே ஓடி வரலாம். குறுக்கு ஓட்டத்துக்குத் தேவையான இடைவெளி அங்கே கிடைக்காது. அந்த ஆட்டம் 21-16 என்று போனது.

இரண்டாவது வாஷிங்டனில், அக்டோபர் 27. நாலாவது கால்பகுதி, மூன்றாவது டவுன், மறுபடி ஒரு யார்டு. பந்தை டக் கிரேமர் என்ற மாற்று லைன்மேனிடம் கொடுத்தார்கள். கைமாறும்போதே நழுவியது, வாஷிங்டன் எடுத்துக்கொண்டது. தடியரை வைத்து டச்டவுன் அடிப்பது சிகாகோவில் 1985 அணியின் வில்லியம் பெர்ரி காலத்திலிருந்து செல்லமான நினைவு, புரிகிறது. ஆனால் பந்தோடு ஓடிப் பழகாத கைக்கு ஆட்டத்தின் மிக முக்கியமான பந்தைக் கொடுப்பது விளையாட்டு 30-3 என்று இருக்கும்போது செய்யவேண்டிய வேடிக்கை. அன்று கடைசி விநாடியில் ஜேடன் டேனியல்ஸ் எறிந்த பந்து தட்டுப்பட்டு நோவா பிரவுன் கையில் விழுந்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 18-15. அந்தப் பந்து தேவைப்பட்டதே கிரேமர் ப்ளேயால்தான் என்பது என் கணிப்பு.

ப்ளே அழைப்புக்கு முதல் பங்கு என்று சொல்ல எனக்கு இருக்கும் பலமான சான்று வால்ட்ரன் போன பிறகு வந்த மூன்று ஆட்டங்கள். பாஸிங் கேம் கோஆர்டினேட்டராக இருந்த தாமஸ் பிரவுன் அழைக்கத் தொடங்கினார். ஆட்கள் ஏறக்குறைய அதே ஆட்கள், குவார்ட்டர்பேக் அதே குவார்ட்டர்பேக். கிரீன் பேயிடம் 20-19 (கடைசியில் 3 புள்ளிக்காக உதைத்த ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது), மினசோட்டாவிடம் கூடுதல் நேரத்தில் 30-27, டெட்ராயிட்டிடம் 23-20. மூன்றும் தோல்விதான், ஆனால் மினசோட்டாவுக்கு எதிராக வில்லியம்ஸ் 340 யார்டு எறிந்தார், டெட்ராயிட்டுக்கு எதிராக மூன்று டச்டவுன். மாறியது என்ன? பந்து சீக்கிரம் கையை விட்டுப் போனது. குட்டைப் பாதைகள், ஸ்க்ரீன் (தடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவருக்குக் குட்டை பாஸ்), முதல் டவுனிலேயே பாஸ், குவார்ட்டர்பேக்கை ஒரு பக்கமாக நகர்த்தி மைதானத்தைப் பாதியாக்கிக் காட்டுவது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

டெட்ராயிட் ஆட்டத்தின் முடிவு தனிக் கொடுமை. கையில் ஒரு டைம்-அவுட் இருக்க, சாக் ஆன பிறகு மிச்சம் இருந்த முப்பது சொச்சம் விநாடியில் பெரும்பகுதியை ஓடவிட்டு, ஒரே ஒரு ப்ளே எடுத்து ஆட்டத்தை முடித்தார்கள். அடுத்த நாள் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் வேலை போனது. சீசன் நடுவில் பேர்ஸ் ஒரு தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல் முறை. உடனே பிரவுனைத் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள், ப்ளே அழைப்பும் அவரிடமே. ஒரே மாதத்துக்குள் ஒருவருக்கு மூன்று வேலை. அடுத்த ஆட்டத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவில், முதல் பாதி முழுக்க பேர்ஸ் எடுத்தது 4 யார்டு. நாலு டவுன் அல்ல, நாலு யார்டு. டிசம்பர் 26 அன்று சியாட்டலிடம் 6-3 என்று தோற்றபோது வில்லியம்ஸ் ஏழு முறை சாய்ந்தார். ப்ளே அழைப்பது வாரம் முழுக்கத் தயாரிக்க வேண்டிய வேலை. ஞாயிறு மதியம் தோன்றுவதைச் சொல்வதில்லை. அந்த வாரத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு நடந்தது இந்த வழக்கில் கிடைத்த இன்னொரு சாட்சி. 2025 ஜனவரியில் டெட்ராயிட்டின் கோஆர்டினேட்டர் பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார், ப்ளேயும் அவரே அழைத்தார். லைனின் நடுவே மூன்று பேர் புதிது: இடது கார்டாக ஜோ தூனி, சென்டராக ட்ரூ டால்மன், வலது கார்டாக ஜோனா ஜாக்சன். 68 ஆக இருந்த சாக் 24 ஆக இறங்கியது. அணி 11-6, வட பிரிவில் முதலிடம். வில்லியம்ஸின் 3,942 யார்டு, 1995-ல் எரிக் கிரேமர் எறிந்த 3,838-ஐத் தாண்டிய அணிச் சாதனை. (ஒரு சீசனில் 4,000 யார்டு எறிந்த குவார்ட்டர்பேக் இன்னும் இல்லாத ஒரே அணி பேர்ஸ்தான். நூறு வருடம் பழைய அணிக்கு அது ஒரு விநோத வடு.)

பார்த்தீர்களா, லைன்தான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம். நடு மூவர் வந்ததால் முகத்துக்கு நேராக வரும் தள்ளல் குறைந்தது உண்மை. பக்கத்திலிருந்து வருபவரை விட்டு முன்னோக்கி அடி வைத்துத் தப்பலாம், நேரே வருபவரிடமிருந்து எங்கே போவது? ஆனால் அதே 2025-ல் இடது டேக்கிள் இடம் நிலைக்கவே இல்லை. பிராக்ஸ்டன் ஜோன்ஸ், தியோ பெனடெட், ஓஸி ட்ரபிலோ என்று மூவர் கைமாறியது. குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்கும் இடம் அது. அது ஆடிக்கொண்டிருக்கும்போதே சாக் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது என்றால் வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது.

அந்த வேறு ஏதோ பெரும்பாலும் குவார்ட்டர்பேக் நிற்கும் இடம். ஷாட்கன் என்றால் சென்டருக்கு ஐந்து யார்டு பின்னால் நிற்பது. மைதானம் நன்றாகத் தெரியும், வில்லியம்ஸ் பழகியது அதுதான். ஜான்சன் அவரை அடிக்கடி சென்டருக்கு நேர் பின்னால் கொண்டுவந்தார். அங்கிருந்து ஸ்நாப் வாங்கினால் ஒரு கணம் எதிரணிக்கு முதுகு காட்டித் திரும்ப வேண்டும், அது அவருக்கு இழப்பு. லாபம் என்னவென்றால் பந்து எங்கே இருக்கிறது என்று லைன்பேக்கர்களுக்கும் தெரியாது. ஓட்டமும் ப்ளே-ஆக்‌ஷன் பாஸும் (ஓடுவதுபோல நடித்து எறிவது) முதல் ஒன்றரை விநாடி அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். எண்டுகள் பாய்வதற்கு முன் ஓட்டமா என்று பார்த்தாக வேண்டும். அந்தத் தயக்கம்தான் டேக்கிளுக்குக் கிடைக்கும் உதவி. இது பலிக்க வேண்டுமானால் ஓட்டம் நிஜமாகவே பயமுறுத்த வேண்டும், 2025-ல் ஸ்விஃப்டும் புதுமுகம் கைல் மொனங்காயும் அதைச் செய்தார்கள். முதல் டவுனில் 5 யார்டு, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 2 போதும். எண்டுகள் நேராகப் பாயும் அந்த மூன்றாவது-எட்டு குறைந்தாலே சாக் தானாகக் குறையும்.

மாற்றம் சும்மா வந்துவிடவில்லை. ஜான்சனின் அழைப்புகள் நீளம், ஆட்களின் நகர்வு அதிகம். சீசன் தொடக்கத்தில் ஸ்நாப்புக்கு முன்னான அபராதங்கள் குவிந்தன. முதல் ஆட்டத்தில் மினசோட்டாவிடம் 27-24 என்று தோல்வி, இரண்டாவதில் டெட்ராயிட்டிடம் 52-21. அப்போதே பழைய பல்லவியைப் பாடத் தொடங்கியவர்கள் உண்டு. ஒரு புதிய அழைப்பு மொழி வாயில் படிய மாதங்கள் ஆகும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

குவார்ட்டர்பேக்குக்கு ஏன் இரண்டாவது பங்கு கொடுத்தேன் என்பதற்கும் 2025-லேயே பதில் இருக்கிறது. சாக் குறைந்தது, ஆனால் எறிந்த பாஸில் போய்ச் சேர்ந்தது 58 சதவீதம்தான். முந்தைய ஆண்டு 62.5. லீக் சராசரி 60-களின் நடுவில் இருக்கும் காலத்தில் இது குறைவு. சாக் ஆகியிருக்க வேண்டிய சில பந்துகளை இப்போது வெளியே வீசிவிடுகிறார், அதில் சதவீதம் குறைவது நல்ல குறைவு. ஆனால் மிச்சம் அப்படி இல்லை. யாரும் நெருக்காத நேரத்திலும் எளிதான குட்டைப் பந்து ரிசீவரின் இடுப்புக்குப் பின்னால் போகிறது, ஓடிக்கொண்டிருக்கும் ஆள் நின்று திரும்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் கால். பின்வாங்கி முடிக்கும் கடைசி அடியும் ரிசீவர் திரும்பும் நொடியும் ஒன்றாக விழ வேண்டும். அவர் ஒரு துள்ளல் கூடுதலாகப் போட்டு, முன்கால் இலக்கைப் பார்க்காமல் எறிகிறார். தோள் பலம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் போகாது, ஏனென்றால் கால் தப்பாக இருந்தும் பந்து போய்ச் சேரும் தடவைகள் அவர்களுக்கு நிறைய.

ஆகவே 2024-ஐத் திரும்பப் பார்ப்பவர்கள் 68-ஐ மட்டும் எண்ணாமல், அதில் எத்தனை மூன்றாவது டவுனில், எத்தனை 7 யார்டுக்கு மேல் வேண்டிய நிலையில், எத்தனை மூன்று விநாடி தாண்டி என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். நியூ இங்கிலாந்து ஆட்டத்தின் ஒன்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு டேக்கிளும் இல்லாத அந்த ஆட்டத்திலும் லைன் பத்திக்குப் போகாதவை இருக்கும்.